டி.வி. போட்டதும் தானே தணியும் விளக்கு



இன்று இரவு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஹாலில் டியூப்லைட் எரியட்டும். டி.வி.யை அணைத்துவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்து திரையை உற்றுப் பாருங்கள். திரை என்ன நிறம்? கறுப்பு என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். நன்றாகப் பார்த்தால் அது கரும் சாம்பல் நிறமாக இருக்கும். அதில் டியூப்லைட் வெள்ளைக் கோடாகத் தெரியும். மின்விசிறி சுற்றுவது தெரியும். உங்கள் முகமும் தெரியும். இப்போது யாரையாவது லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். அதே திரை மைக்கறுப்பாகிவிடும்.

டி.வி.யில் எதுவும் மாறவில்லை. அறையின் வெளிச்சம்தான் மாறியது.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற ஒளிகளைக் கலந்துதான் டி.வி. எல்லா நிறங்களையும் காட்டுகிறது. கறுப்பை அது எப்படிக் காட்டும்? கறுப்பு ஒளி என்று ஒன்று கிடையாது. ஆகவே கறுப்பு வரவேண்டிய இடத்தில் டி.வி. தன் ஒளியை நிறுத்திக்கொள்கிறது, அல்லது முடிந்த மட்டும் குறைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடத்தில் அறை விளக்கின் ஒளி பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வந்தால் கறுப்பு வெளிறிவிடும். காட்டில் நள்ளிரவு, புதருக்குள் புலி பதுங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.வி. அதைச் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் நமக்குப் புலி தெரியாமல் டியூப்லைட்டின் பிம்பம்தான் தெரிகிறது.

இதனால்தான் டி.வி. பார்க்கும்போது விளக்கைத் தணிப்பது நல்லது. அதற்காக ஒவ்வொரு முறையும் எழுந்து போக வேண்டாமல், டி.வி. போட்டதும் விளக்கு தானே தணிந்து, நிறுத்தியதும் தானே பழைய வெளிச்சத்துக்குத் திரும்பும்படி செய்ய முடியுமா? முடியும். பல வீடுகளில் இது நடந்துகொண்டிருக்கிறது. பார்க்க மந்திரம் மாதிரி இருந்தாலும், உள்ளே இருப்பது யாரோ ஒருவர் யோசித்து எழுதிய விதி. அந்த விதியை நீங்களும் எழுதலாம். அதற்கு முன்னால் கண், விளக்கு, டி.வி. மூன்றையும் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

கண்ணைக் கேட்போம்

"அப்படியானால் லைட்டை முழுக்க அணைத்துவிடலாமே?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. பதிலைக் கண்தான் சொல்ல வேண்டும்.

கண்ணின் நடுவில் கறுப்பு வட்டமாகத் தெரிகிறதே, அதற்குப் பாவை என்று பெயர். வெளிச்சம் உள்ளே போகும் வாசல் அதுதான். நல்ல வெயிலில் பாவை சுமார் 2 மி.மீ. விட்டத்துக்குச் சுருங்கும். இருட்டில் சுமார் 8 மி.மீ. வரை விரியும். விட்டம் 4 மடங்கு பெரிதானால் வட்டத்தின் பரப்பு 16 மடங்கு பெரிதாகும். கணக்கு வகுப்பில் படித்ததை இங்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணின் பின்பக்கத்தில் விழித்திரை இருக்கிறது. அதில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். இவை சுமார் 12 கோடி. நிறங்களைப் பிரித்துக் காட்டுபவை கூம்பு செல்கள். இவை சுமார் 60 லட்சம். குச்சி செல்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். ராத்திரி கரண்ட் போன உடனே ஒன்றும் தெரியாமல், சற்று நேரம் கழித்து நாற்காலியும் மேசையும் மெல்லத் தெரியத் தொடங்குவது இதனால்தான்.

இப்போது கும்மிருட்டு அறையில் டி.வி. ஓடுகிறது என்று வையுங்கள். சுற்றிலும் இருட்டு, நடுவில் மட்டும் பளீரென்ற திரை. வெயில் காட்சி வந்தால் பாவை சுருங்குகிறது. இரவுக் காட்சி வந்தால் விரிகிறது. காட்சி மாற மாறக் கண்ணுக்கு ஓயாத வேலை. இதனால் கண் நிரந்தரமாகக் கெட்டுப்போவதில்லை. ஆனால் சோர்ந்துபோகும், சிலருக்குத் தலையும் வலிக்கும். டியூப்லைட் முழுதாக எரிந்தால் படம் வெளிறுகிறது. எல்லா விளக்கையும் அணைத்தால் கண் களைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெளிச்சம்தான் நமக்கு வேண்டும்.

படங்களைத் திருத்தும் வல்லுநர்கள் வேலை செய்யும் அறைகளில் திரைக்குப் பின்னால் ஒரு மெல்லிய விளக்கை வைக்கிறார்கள். அது திரையின் மேல் படாமல் பின்சுவரில் படும். திரையின் பளிச்சென்ற வெள்ளையோடு ஒப்பிட்டால் அந்தச் சுவரின் வெளிச்சம் 10-ல் ஒரு பங்கு இருந்தால் போதும். நிறம் சுமார் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மை. டி.வி.யின் வெள்ளை நிறத்துக்கும் அதே 6500 கெல்வின்தான் அளவு. இரண்டும் ஒன்றாக இருப்பதால் திரையின் நிறங்கள் கண்ணுக்கு மாறித் தெரிவதில்லை. வீட்டிலும் இதைச் செய்யலாம். டி.வி.க்கு எதிர்ச் சுவரில் விளக்கு இருந்தால் அதன் பிம்பம் திரையில் விழும். டி.வி.க்குப் பின்னாலோ பக்கத்திலோ இருந்தால் விழாது.

பாதியாகத் தெரிய எவ்வளவு குறைக்க வேண்டும்?

ஒரு பல்பின் ஒளியைச் சரிபாதியாகக் குறைத்தால் நம் கண்ணுக்கும் பாதியாகத் தெரியுமா? தெரியாது! கொஞ்சம் குறைந்த மாதிரிதான் தோன்றும்.

இருட்டறையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினால் அறையே மாறிவிடும். அதே மெழுகுவத்தியை நண்பகல் வெயிலில் ஏற்றினால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். மெழுகுவத்தியின் ஒளி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நம் புலன்கள் எவ்வளவு கூடியது என்பதை விட, முன்பு இருந்ததைப் போல எத்தனை பங்கு கூடியது என்பதைத்தான் கவனிக்கின்றன. ஜெர்மன் அறிஞர் குஸ்தாவ் ஃபெக்னர் 1860-ல் வெளியிட்ட நூலில் இதைக் கணித வடிவில் எழுதிக் காட்டினார்.

விளக்கு வடிவமைப்பவர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பல்பின் ஒளி எத்தனை பங்கோ, அதன் வர்க்கமூலம்தான் கண்ணுக்குத் தோன்றும் வெளிச்சம். ஒளியைக் கால் பங்காகக் குறைத்தால், அதாவது 0.25 ஆக்கினால், அதன் வர்க்கமூலம் 0.5. ஆகவே கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியும். 100-ல் 10 பங்காகக் குறைத்தால் சுமார் 32 பங்காகத் தெரியும். டி.வி. பார்க்க விளக்கை 10 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னால் "ஐயோ, இருட்டாகிவிடுமே" என்று பயப்பட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் இருப்பது போலத்தான் தோன்றும். மேசை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடாமல் எடுக்க அது போதும்.

அணைந்து அணைந்து எரியும் பல்பு

சரி, பல்பின் ஒளியை எப்படிக் குறைப்பது? பழைய குண்டு பல்பில் இது சுலபம். மின்சாரத்தைக் குறைத்தால் உள்ளே இருக்கும் கம்பியிழையின் சூடு குறையும், வெளிச்சமும் குறையும். எல்.இ.டி. பல்பின் குணம் வேறு. அதற்குக் குறிப்பிட்ட அளவு மின்னழுத்தம் கிடைக்காவிட்டால் அது எரியவே எரியாது. அந்த அளவைச் சற்றுத் தாண்டினாலோ மின்னோட்டம் மளமளவென்று ஏறிவிடும். இதை நடுவில் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

பொறியாளர்கள் இதற்கு ஓர் அருமையான வழி வைத்திருக்கிறார்கள். ஒளியைக் குறைக்காமல், பல்பு எரியும் நேரத்தைக் குறைக்கிறார்கள்! பல்பு நொடிக்கு 1000 முறை எரிந்து அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைப்பது ஒரு நொடியில் 1000-ல் ஒரு பங்கு நேரம். அதில் கால் பங்கு நேரம் எரிந்து, முக்கால் பங்கு நேரம் அணைந்திருந்தால் கால் பங்கு ஒளிதான் வெளிவரும். நொடிக்கு நூறு முறைக்கு மேல் நடக்கும் மினுக்கலை நம் கண் பிரித்தறிவதில்லை; சேர்த்து ஒரே சீரான வெளிச்சமாக எடுத்துக்கொள்கிறது. இந்த முறைக்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர். பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்.

விளக்குக்குக் கட்டளை அனுப்பும் கணினி (அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்) பெரும்பாலும் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை எண்ணால் சொல்லும். 0 அல்லது 1 என்று மட்டும் இருக்கக்கூடிய இலக்கம்தான் பிட்; 8 பிட் சேர்ந்தால் 256 எண்கள் கிடைக்கும் என்பதால் இந்தக் கணக்கு. 255 என்றால் முழு வெளிச்சம். 64 என்றால் கால் பங்கு. 0 என்றால் அணைந்துவிடும்.

இந்த மினுக்கலை நீங்களே பிடிக்கலாம். எல்.இ.டி. விளக்கு மட்டும் எரியும் அறையில், ஒரு பென்சிலை நுனியில் பிடித்து முகத்துக்கு எதிரே இடமும் வலமுமாக விறுவிறுவென்று ஆட்டுங்கள். விளக்கு சீராக எரிந்தால் பென்சில் புகை மாதிரி மங்கலாகத் தெரியும். மினுக்கினால், தனித்தனியாகப் பல பென்சில்கள் விசிறிபோல விரிந்து நிற்பது தெரியும். விளக்கு எரியும் ஒவ்வொரு கணமும் பென்சில் எங்கே இருந்ததோ அந்த இடம் மட்டும் கண்ணில் பதிகிறது. செல்போன் கேமராவில் சில விளக்குகளைப் பார்க்கும்போது கறுப்புப் பட்டைகள் ஓடுவதும் இதனால்தான்.

இன்னொரு செய்தி. சிவப்பாக எரியும் எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962-லேயே செய்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு வேண்டிய வெள்ளை வெளிச்சம் அதன் பிறகும் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. அதற்கு நல்ல நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. நீல ஒளியில் ஒரு பகுதியை ஒரு பூச்சு மஞ்சளாக மாற்ற, மஞ்சளும் நீலமும் சேர்ந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

டி.வி. ஓடுவது விளக்குக்கு எப்படித் தெரியும்?

விளக்கைத் தணிக்கத் தெரிந்துவிட்டது. எப்போது தணிக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ரிமோட்டை ஒட்டுக்கேட்பது. ரிமோட்டின் முனையில் ஒரு சின்ன எல்.இ.டி. இருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்துப் பட்டனை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அந்த முனை ஊதாவாக மினுக்குவது தெரியும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு மினுக்கல் வரிசை.

ஒளியால் டி.வி.யை இயக்கும் முதல் ரிமோட் 1955-ல் அமெரிக்காவில் வந்தது. ஜெனித் நிறுவனத்தில் யூஜின் பாலி என்ற பொறியாளர் அதை உருவாக்கினார். பார்க்கச் சின்னத் துப்பாக்கி போல இருக்கும். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கருவிகள் உண்டு. எந்த மூலையில் ஒளி அடிக்கிறோமோ அந்த மூலைக்குரிய வேலை நடக்கும். அதில் ஒரு தொல்லை இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் அடித்தாலும் டி.வி. அதைக் கட்டளை என்று நினைத்துச் சேனலை மாற்றிவிடும்! இன்றைய ரிமோட்டுகளில் அந்தத் தொல்லை கிடையாது. பெரும்பாலானவை நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும் ஒளியில் செய்தி அனுப்புகின்றன. வெயில் அப்படித் துடிப்பதில்லை. அதனால் டி.வி. வெயிலைக் கண்டுகொள்வதில்லை.

விளக்கின் பக்கத்தில் ஓர் அகச்சிவப்பு உணரியை வைத்தால் அதுவும் இந்தச் செய்தியைக் கேட்கும். ஆனால் ஒரு சிக்கல். பல ரிமோட்டுகளில் டி.வி.யைப் போடவும் அணைக்கவும் ஒரே பட்டன்தான், ஒரே செய்திதான். ஒரு தடவை உணரி கேட்கத் தவறினால் போதும். அதன் பிறகு டி.வி. போடும்போது விளக்கு பிரகாசமாகும், அணைக்கும்போது தணியும். எல்லாம் தலைகீழ்! பட்டன் அழுத்தப்பட்டது என்பது ஒரு செய்தி. டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு செய்தி. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இரண்டாவது வழி, மின்சாரத்தை அளப்பது. அணைத்து வைத்திருந்தாலும் ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் டி.வி. கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். புதிய டி.வி.களில் அது பெரும்பாலும் 1 வாட்டுக்கும் குறைவு. ஓடும்போது பல பத்து வாட் எடுக்கும். வாட் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கில் டி.வி.யைச் செருகினால், அளவைப் பார்த்தே டி.வி. ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். பழைய டி.வி.க்கும் இது பொருந்தும்.

மூன்றாவது வழிதான் தெளிவானது. டி.வி.யே தன் நிலையைச் சொல்வது. வைஃபையில் இணைந்த ஸ்மார்ட் டி.வி.களில் பல, 'ஓடுகிறது', 'இடையில் நிற்கிறது', 'சும்மா இருக்கிறது', 'அணைந்திருக்கிறது' என்று வீட்டு நெட்வொர்க்கில் தெரிவிக்கும். இடையில் நிறுத்தியது கூடத் தெரிந்துவிடுவதால் இன்னும் நுட்பமான வேலைகளைச் செய்யலாம்.

செய்தி போகும் பாதை

டி.வி.யிடமிருந்து செய்தி நேராக விளக்குக்குப் போவதில்லை. நடுவில் ஒரு சின்னக் கணினி இருக்கும். வீட்டில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று அது எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை போன்ற கணினியே இதற்குப் போதும். அதில் ஓடும் மென்பொருள்களில் ஒன்று ஹோம் அசிஸ்டென்ட். பௌலஸ் ஷௌட்சென் என்பவர் 2013-ல் பைத்தான் மொழியில் தொடங்கியது அது. அதன் நிரல் யாரும் படிக்கவும் திருத்தவும் திறந்தே இருக்கிறது. பள்ளியில் பைத்தான் படிக்கும் அண்ணன், அக்கா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுச் சாதனங்களைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆசை புதியது இல்லை. 1975-லேயே ஸ்காட்லாந்தில் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் எக்ஸ்-10 என்ற முறையை உருவாக்கியது. சுவருக்குள் ஓடும் மின்கம்பியிலேயே செய்தியையும் அனுப்பிய முறை அது. இப்போது வானொலி அலைதான் பெரும்பாலும் செய்தியைச் சுமக்கிறது. 2012-ல் விற்பனைக்கு வந்த பிலிப்ஸ் ஹியூ பல்புகள் ஜிக்பீ என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. நமக்குப் பழக்கமான வைஃபையைப் போல இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும். ஆனால் மிகக் குறைந்த மின்சாரம் போதும்.

ஜிக்பீயில் ஒரு பல்பு இன்னொரு பல்புக்கு உதவி செய்யும். கணினி ஹாலில் இருக்கிறது, பல்பு மாடியில் கடைசி அறையில் இருக்கிறது என்றால் அலை அங்கே எட்டாமல் போகலாம். அப்போது நடுவில் இருக்கும் பல்புகள் செய்தியை வாங்கி அடுத்த பல்புக்குக் கொடுக்கும். வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றி மேலே அனுப்புவார்களே, அதே மாதிரிதான். வரிசையில் ஒருவர் விலகிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்வார். பல்புகளும் வேறு பாதையைத் தேடிக்கொள்ளும்.

வானொலி அலை ஒளியின் வேகத்தில் போகும். 10 மீட்டர் நீள வீட்டைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் 100 கோடியில் சுமார் 33 பங்குதான் ஆகும். சில சமயம் விளக்கு தணியத் தாமதமாகிறது என்றால், கட்டளை எங்கோ தொலைவில் இருக்கும் கணினிக்குப் போய் இணையம் வழியாகத் திரும்பி வருவது அதற்கு ஒரு காரணம். அப்படிப்பட்ட அமைப்பில் இணையம் நின்றால் வேலையும் நின்றுவிடலாம். நம் வீட்டில் யார் எப்போது டி.வி. பார்க்கிறோம் என்ற செய்தியும் வெளியே போகிறது. வீட்டுக்குள்ளேயே முடியும் வேலையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

விதி எழுதுவோம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கணினிக்கு நாம் எழுதும் விதியில் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும். எது நடக்கும்போது? எந்த நிலையில்? என்ன செய்ய வேண்டும்? எழுதிப் பார்ப்போம்.

எது நடக்கும்போது: டி.வி.யில் படம் ஓடத் தொடங்கும்போது.
எந்த நிலையில்: சூரியன் மறைந்திருந்தால், ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தால்.
என்ன செய்ய வேண்டும்: விளக்கின் இப்போதைய வெளிச்சத்தைக் குறித்துவை, 3 நொடிகளில் மெல்ல 10 சதவீதத்துக்குக் குறை.

ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. 'ஆறு மணிக்கு மேல்' என்று எழுதாமல் 'சூரியன் மறைந்திருந்தால்' என்று ஏன் எழுதினோம்? சென்னையில் நவம்பர் கடைசியில் மாலை சுமார் 5.40-க்கே சூரியன் மறைந்துவிடும். ஜூலை தொடக்கத்தில் சுமார் 6.40 ஆகும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம்! ஊர் எங்கே இருக்கிறது என்ற அட்சரேகை, தீர்க்கரேகையும், தேதியும் தெரிந்தால் கணினி அன்றைய மறைவு நேரத்தைக் கணக்கிட்டுவிடும்.

'விளக்கு எரிந்துகொண்டிருந்தால்' என்று ஏன்? அணைந்திருக்கும் விளக்குக்கு '10 சதவீதம்' என்று கட்டளை போனால் அது எரியத் தொடங்கிவிடும். '3 நொடிகளில்' என்று ஏன்? சட்டென்று தணிந்தால் கரண்ட் போய்விட்டதோ என்று எல்லோரும் திடுக்கிடுவார்கள். பாவை விரியவும் சற்று நேரம் வேண்டும். தியேட்டரில் படம் தொடங்கும் முன் விளக்குகள் மெல்ல மெல்லத் தணிவதும் இதற்காகத்தான். 'குறித்துவை' என்பது எதற்கு? படம் முடிந்ததும் எந்த வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

இன்னும் இரண்டு விதிகள் வேண்டும். படத்தை இடையில் நிறுத்தினால் விளக்கு 40 சதவீதத்துக்கு ஏறட்டும். தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவர் காலை எதிலும் இடித்துக்கொள்ள மாட்டார். டி.வி.யை அணைத்தால் குறித்துவைத்த பழைய வெளிச்சம் வரட்டும்.

விதி தடுமாறும் இடங்கள்

எழுதிவிட்டோம், முடிந்தது என்று நினைக்காதீர்கள். கணினி நாம் சொன்னதைச் செய்யும். நாம் நினைத்ததைச் செய்யாது.

வாட் அளந்து கண்டுபிடிக்கும் வழியை எடுத்துக்கொள்வோம். '40 வாட்டுக்கு மேல் என்றால் டி.வி. ஓடுகிறது, கீழே என்றால் இல்லை' என்று எழுதுகிறோம். படத்தில் இருட்டுக் காட்சி வருகிறது. பல டி.வி.கள் இருட்டுக் காட்சியில் குறைவாக மின்சாரம் எடுக்கும். அளவு 38-க்கு இறங்குகிறது. உடனே விளக்கு பளீரென்று எரிகிறது! அடுத்த காட்சியில் 42 ஆகிறது. விளக்கு தணிகிறது. படம் முழுக்க இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் யார் பார்ப்பார்கள்?

இதற்கு மருந்து, ஓர் எல்லைக்குப் பதில் இரண்டு எல்லைகள் வைப்பது. 40-ஐத் தாண்டினால் 'ஓடுகிறது' என்று முடிவு செய். அதன் பிறகு 10-க்குக் கீழே இறங்கி, அரை நிமிடம் அங்கேயே இருந்தால்தான் 'அணைந்துவிட்டது' என்று முடிவை மாற்று. நடுவில் எவ்வளவு ஆடினாலும் கண்டுகொள்ளாதே. இயற்பியலில் இதைத் தயக்கம் என்பார்கள். ஃபிரிட்ஜும் இஸ்திரிப் பெட்டியும் இப்படித்தான் சூட்டைக் கவனிக்கின்றன. மின்னணுச் சுற்றில் இந்தத் தயக்கத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஆட்டோ ஷ்மிட். கணவாய் மீனின் நரம்புகளில் செய்தி எப்படிப் போகிறது என்று படித்துக்கொண்டிருந்த மாணவர் அவர். அதிலிருந்து பிறந்த யோசனையில் 1934-ல் அவர் உருவாக்கிய சுற்று, ஷ்மிட் டிரிக்கர் என்ற பெயரில் இன்றும் எண்ணற்ற கருவிகளில் இருக்கிறது.

இன்னொரு தடுமாற்றம், சுவர் சுவிட்ச். பழக்கத்தில் யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்புக்கு மின்சாரமே போகாது. மின்சாரம் இல்லாத பல்பு எந்தக் கட்டளையையும் கேட்காது. பல்புக்குப் பதில் சுவிட்சையே ஸ்மார்ட் ஆக்கினால் இந்தச் சிக்கல் தீரும். கையாலும் அணைக்கலாம், கட்டளையாலும் அணைக்கலாம். அடுத்தது, கரண்ட் போய் வருவது. பல ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும். நள்ளிரவில் எல்லோரும் எழுந்து உட்கார வேண்டியதுதான்! 'முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இரு' என்று அதன் அமைப்பில் மாற்றிவைக்க வேண்டும்.

எல்லா எல்.இ.டி. பல்பும் தணியக்கூடியது இல்லை. தணிய முடியாத எல்.இ.டி. பல்பை, வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரில் போட்டால் விட்டு விட்டு எரியலாம், ரீங்காரம் போடலாம், சீக்கிரம் கெட்டும் போகலாம். தணிக்கலாமா கூடாதா என்று பல்பின் அட்டைப் பெட்டியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மின்விசிறி ரெகுலேட்டரில் பல்பை இணைத்துத் தணிக்க முயலவே கூடாது. சுவிட்ச் பெட்டியைத் திறக்கும் வேலை எலெக்ட்ரீஷியனுடையது. குழந்தைகள் அதில் கை வைக்கக் கூடாது.

வீட்டில் எல்லோரையும் நினைத்து

நல்ல விதிக்கு இன்னொரு தேர்வு உண்டு. ஹாலில் நீங்கள் கார்ட்டூன் பார்க்கிறீர்கள். அதே ஹாலில் தாத்தா பேப்பர் படிக்கிறார். அம்மா கீரை ஆய்கிறார். தங்கை வீட்டுப்பாடம் எழுதுகிறாள். விளக்கு தணிந்தால் உங்களுக்கு வசதி, மற்ற மூவருக்கும் தொந்தரவு. வயதானவர்களின் பாவை இளையவர்களுடையது அளவுக்கு விரியாது. தாத்தாவுக்குப் படிக்க உங்களை விட அதிக வெளிச்சம் வேண்டும். உங்களுக்குப் போதுமான மங்கல் வெளிச்சத்தில் அவர் தட்டுத்தடுமாறி நடக்க நேரிடும்.

ஆகவே டி.வி.க்கு நேர் எதிரே இருக்கும் விளக்கை மட்டும் விதிக்குள் வையுங்கள். தாத்தாவின் நாற்காலி பக்கம் இருக்கும் விளக்கை விதிக்கு வெளியே விட்டுவிடுங்கள். யாராவது கையால் விளக்கைக் கூட்டினால், அந்தப் படம் முடியும்வரை கணினி குறுக்கிடக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். மனிதர் கை வைத்தால் இயந்திரம் விலகி நிற்க வேண்டும். விளக்கைத் தானாக இயக்குவதில் மிக முக்கியமான விதி இதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்

இதைக் கற்க ஸ்மார்ட் பல்பு வாங்க வேண்டியதில்லை. ஒரு தாளும் மூன்று நண்பர்களும் போதும். ஒருவர் டி.வி. அவர் 'ஓடுகிறேன்', 'நிற்கிறேன்', 'அணைந்தேன்' என்று இஷ்டப்படி மாற்றி மாற்றிச் சொல்லட்டும். இன்னொருவர் விளக்கு. அவர் கையை உயர்த்தினால் முழு வெளிச்சம், தாழ்த்தினால் மங்கல். மூன்றாமவர் கணினி. தாளில் எழுதிய விதியைப் படித்து, அதில் உள்ளபடி மட்டும் விளக்குக்குக் கட்டளை போட வேண்டும். சொந்தமாக எதையும் யோசிக்கக் கூடாது. நீங்கள் கரண்டை நிறுத்துங்கள், பகலாக்குங்கள், தாத்தாவைப் பேப்பரோடு உள்ளே வரச் சொல்லுங்கள். விளக்கு எங்கே தப்பாக நடக்கிறதோ, அங்கே விதியில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். அந்த வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி விளையாடுங்கள்.

உலகத்தில் தானாக இயங்கும் லிஃப்ட், போக்குவரத்து சிக்னல், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு விதி இருக்கிறது, அதை எழுதி எழுதித் திருத்திய ஒருவர் இருக்கிறார். உங்கள் வீட்டு ஹாலுக்கான விதியை இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதுங்கள். எழுதியதை வீட்டில் எல்லோரிடமும் படித்துக் காட்டி, "இதில் உங்களுக்கு எது தொந்தரவு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான் உங்கள் விதியின் அடுத்த வரி.